கழற்றி மாட்டும் கைப்பிடிகள்

சாலையோரம் குழாய் பதிக்கக் குழி தோண்ட வருபவர்கள் பிக்காசின் இரும்பையும் கணையையும் தனித்தனியே சாக்கில் போட்டு எடுத்துவருவது உண்டு. இடத்துக்கு வந்ததும் கணையின் மெலிந்த முனையை இரும்பின் கண்ணுக்குள் விட்டு, இரும்பைத் தடித்த முனைவரை வழுக்கிவிடுவார்கள். பிறகு தடித்த முனையைத் தரையில் வைத்து இரண்டு குத்து. வேலை தொடங்கிவிடும். திருகாணி இல்லை, ஆப்பு இல்லை, ஸ்பேனர் தேட வேண்டியதும் இல்லை.

கழற்றி மாட்டும் கைப்பிடியைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. பிக்காசை ஓங்கி வீசும்போது இரும்பு கையை விட்டு வெளிப்புறமாகப் பறக்கப் பார்க்கிறது. வெளிப்புறம் போகப் போகக் கணை தடித்துக்கொண்டே போவதால் அங்கேயே மாட்டி இறுகுகிறது. எவ்வளவு வேகமாக வீசுகிறாரோ அவ்வளவு இறுக்கம். கண் நீள்வட்டமாக இருப்பதால் இரும்பு கணையைச் சுற்றித் திரும்பவும் வழியில்லை. கண் வைத்த மண்வெட்டிகளில் பலவும் இதே முறையில் அமைந்தவைதான்.

சிக்கல் கழற்றும்போது வருகிறது. கணையை நிமிர்த்திப் பிடித்து மெலிந்த முனையைத் தரையில் ஓங்கிக் குத்தினால் கணை நின்றுவிடும். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள இரும்பு நிற்காமல் கீழே இறங்கும். அது இறங்கும் வழியில் இருப்பவை, கணையைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் அதற்கும் கீழே கால் விரல்களும். விரல் நசுங்குவது இப்படித்தான். பாதுகாப்பான வழி கையருகிலேயே இருக்கிறது: தோண்டிய குழியின் குறுக்கே இரண்டு பலகை போட்டு, இரும்பை அவற்றின்மேல் அமர்த்தி, கணை இடைவெளி வழியே குழிக்குள் தொங்கும்படி விட வேண்டும். பிறகு தடித்த முனையை மரக்கொட்டாப்புளியால் தட்டினால் கணை குழிக்குள் விழும், இரும்பு பலகைமேல் நிற்கும். கை இரண்டும் மேலேயே இருக்கும்.

எந்தக் கைப்பிடியை வடிவமைக்க உட்கார்ந்தாலும் மூன்று கேள்விகளை இந்தப் பிக்காசிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வேலையின் விசை இணைப்பை இறுக்குகிறதா, பிரிக்கிறதா? கழற்ற எந்தத் திசையில் விசை கொடுக்க வேண்டும்? கருவி கழன்று வரும் அந்த நொடியில் கை எங்கே இருக்கிறது? கடையில் விற்கும் கழற்றி மாட்டும் கருவிகளில் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்கும். மூன்றாவது கேள்வியை வடிவமைத்தவர் கேட்டுக்கொண்டாரா என்பது ஒரு முறை கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வீசி அடிக்கும் கருவிகள்

சுத்தியலும் கோடாலியும் பிக்காசுக்கு நேர் எதிர். அவற்றில் கைப்பிடி கீழிருந்து கண்ணுக்குள் நுழைகிறது. மேல்முனையைப் பிளந்து ஆப்பு அடித்து மரத்தை அகட்டுகிறார்கள். வீசும்போது தலை பறக்க முயலும் திசையில் தடுப்பாக நிற்பது அப்படி அகன்ற சில மில்லிமீட்டர் மரம் மட்டுமே. இது நிரந்தர இணைப்பு. அடிக்கடி கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கைப்பிடி உடைந்தால் பழைய மரத்தை அறுத்துத் துளைத்து எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

தலை ஆடத் தொடங்கினால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. மறுநாள் காலை தலை கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் ஈரத்தில் உப்பும் மரம் இரும்புக் கண்ணுக்குள் விரிய இடமில்லாமல் தன் நார்களையே நசுக்கிக்கொள்கிறது. காய்ந்ததும் முன்னிருந்த அளவுக்குக்கூடத் திரும்பாமல் இன்னும் சுருங்கிவிடும். மறுவாரம் அந்தச் சுத்தியல் முன்னைவிட மோசமாக ஆடும். ஊறப்போட்ட தெம்பில் அதைத் தலைக்குமேல் ஓங்குபவருக்குப் பின்னால் யாரும் நிற்காமல் இருப்பது நல்லது. காய்ந்த, முற்றிய மரத்தில் புதிய ஆப்புதான் இதற்கு மருந்து.

ஆகவே ஒரு முடிவை இங்கேயே எடுத்துவிடலாம். ஒரே கைப்பிடியில் பல தலைகளை மாற்றும் அமைப்பு ஒன்றைச் செய்வதாக இருந்தால், சுத்தியலையும் கோடாலியையும் அதில் சேர்க்கக் கூடாது. பட்டன், பின், திருகு எதுவாக இருந்தாலும் வீச்சின் அதிர்வில் நாளடைவில் தேயும். தேய்ந்தது வெளியே தெரியாது. வீசும் கருவி கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டுமென்றால் பிக்காசின் முறை ஒன்றே போதும், அதில் தேய்ந்து ஏமாற்றும் பாகம் எதுவும் இல்லை.

சரிவு எவ்வளவு?

ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த கட்டை, அதே சரிவுள்ள துளைக்குள் அமர்ந்து உராய்வாலேயே நிற்பது இயந்திரப் பட்டறைக்காரர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் 1860-களில் துளையிடும் பிட்டுகளுக்காக வகுத்த சரிவு இன்றும் லேத்துகளிலும் டிரில்லிங் மெஷின்களிலும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அதன் சரிவு ஏறத்தாழ 20-க்கு 1: அதாவது 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். ஒரு தட்டு தட்டி உள்ளே அமர்த்தினால் தானாக வராது. கழற்ற, பக்கவாட்டில் இருக்கும் நீள்துளை வழியே ஒரு ஆப்புத் தகட்டை விட்டுத் தட்ட வேண்டும். தட்டும் கை பிட்டின் முனைக்கு அருகில் வருவதே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. பிட் கீழே விழுந்து முனை மழுங்காதபடி மட்டும் அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்வார்கள்.

மில்லிங் மெஷின்களில் சரிவு மிக அதிகம், 24-க்கு 7. அவ்வளவு சரிவு இருந்தால் உராய்வு பிடித்து வைக்காது. பின்னாலிருந்து ஒரு கம்பி இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பியை விட்டதும் கருவி சுலபமாகக் கழன்றுவிடும். கைக்கருவி செய்பவருக்கு இந்த இரண்டு எண்களும் வழிகாட்டும். தானாக நிற்க வேண்டுமா, சரிவைக் குறை. சுலபமாகக் கழல வேண்டுமா, சரிவைக் கூட்டி வேறொரு பூட்டு வை. இரண்டையும் ஒரே சரிவிடம் எதிர்பார்த்துச் செய்தவை வேலையின் நடுவில் கழன்று விழும், அல்லது கழற்ற வேண்டிய நேரத்தில் அசையவே அசையாது.

குழல் வைத்த உளிகளில் இந்தச் சரிவைக் கண்ணால் பார்க்கலாம். உளியின் பின்புறம் கூம்பான குழலாக இருக்கும். மரப்பிடியின் முனை அதற்குள் அமர்கிறது. கொட்டாப்புளியால் அடிக்க அடிக்கப் பிடி உள்ளே இறங்கி இறுகும். பிடி பிளந்துபோனால் குழலின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டி எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். ஒரே ஒரு குறை, கோடையில் மரம் சுருங்கும்போது உளியைத் தூக்கினால் பிடி மட்டும் கையோடு வரும், உளி காலில் விழும். எனவே குழல் உளியை எடுக்கும்போது இரும்பையும் சேர்த்துப் பிடித்து எடுக்கும் பழக்கம் வேண்டும்.

அரம் இந்த வரிசையில் தனியாகச் சொல்லப்பட வேண்டியது, ஏனென்றால் அதைப் பிடி இல்லாமலே பயன்படுத்துபவர்கள் அதிகம். அரத்தின் பின்புறம் கூர்ந்து நீளும் வால், உள்ளங்கையின் நடுவில் வந்து நிற்கும். அரம் எதிலாவது சிக்கி நின்றால், குறிப்பாகச் சுழலும் லேத்தில், அந்த வால் கைக்குள் இறங்கிவிடும். துணி சுற்றிக்கொள்வது பாதுகாப்பே ஆகாது. பூண் போட்ட மரப்பிடியில் வாலைச் செருகி, பிடியின் அடிப்புறத்தை மேசைமேல் தட்டினால் அரம் தன் எடையாலேயே உள்ளே அமரும். அரத்தின் தலையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது. கடினப்படுத்திய இரும்பு சில்லாகத் தெறிக்கும். கழற்றும்போது அரத்தின் உடலைப் பிடித்து, பூண் மேசை விளிம்பில் மோதும்படி இழுத்தால் பிடி பின்தங்கிக் கழன்றுவிடும். நான்கு அரங்களுக்கு ஒரே பிடியை மாற்றி மாற்றிப் போடும் சிக்கனம் பல பட்டறைகளில் உண்டு. ஒவ்வொரு முறையும் துளை அகல்கிறது, ஒரு நாள் பிடி வேலையின் நடுவில் கழன்று வால் வெளியே வருகிறது. மரப்பிடியின் விலை மிகக் குறைவு. அரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வதே சரி.

ஒரு பட்டனின் வரலாறு

மெக்கானிக் பட்டறையில் சாக்கெட் செட்டைத் திறந்து ராட்செட் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், தலையின் பின்புறம் ஒரு சிறு பட்டன் இருப்பதைக் காணலாம். முன்புறத்தில் சதுரமான குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் ஒரு பக்கத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய எஃகுப் பந்து பாதி வெளியே தெரியும். சாக்கெட்டைச் செருகும்போது அந்தப் பந்து சாக்கெட்டின் உள்சுவரில் இருக்கும் குழியில் விழுந்து பிடித்துக்கொள்கிறது.

பட்டன் இல்லாத பழைய ராட்செட்டுகளில் பந்தைப் பின்னிருந்து ஸ்பிரிங் மட்டும் தள்ளிக்கொண்டிருக்கும். சாக்கெட்டைக் கழற்ற ஒரு கையால் ராட்செட்டையும் மறு கையால் சாக்கெட்டையும் பிடித்து வெடுக்கென்று இழுக்க வேண்டும். கையிலோ எண்ணெய், கிரீஸ். வழுக்கிய சாக்கெட் எஞ்சினுக்குள் விழுந்தால் தேடுவதற்கே பாதி நாள் போய்விடும். பிடிவிட்ட கை பக்கத்திலிருக்கும் தகட்டில் மோதும். ஸ்பிரிங்கைத் தளர்வாக வைத்தால் சாக்கெட் தானாக விழும். இறுக்கமாக வைத்தால் இழுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தில்தான் எல்லா உற்பத்தியாளர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்தச் சமரசத்தை உடைத்தவர் பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயது இளைஞர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சியர்ஸ் கடையில் விற்பனையாளராக இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் அவர் யோசித்த வழி இது: பந்துக்குப் பின்னால் ஒரு சிறு தண்டை வைப்பது, தண்டின் ஓரிடத்தில் பள்ளம் வெட்டுவது. சாதாரண நிலையில் தண்டின் முழுத் தடிமன் பந்தை வெளியே தள்ளிப் பூட்டி வைக்கும். பின்புறப் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்டு நகர்ந்து பள்ளம் பந்துக்கு நேரே வரும். பந்து பள்ளத்துக்குள் பின்வாங்கும். சாக்கெட் தன் எடையாலேயே கழன்று விழும். ஒரே கை. மற்றக் கை இறங்கும் சாக்கெட்டை ஏந்திக்கொள்ள விடுபட்டுவிடுகிறது.

1965-ல் காப்புரிமை கிடைத்தது. சியர்ஸ் நிறுவனம் அந்த உரிமையை 10,000 டாலரை உச்சவரம்பாக வைத்து வாங்கிக்கொண்டு, பட்டன் வைத்த ராட்செட்டுகளைக் கோடிக்கணக்கில் விற்றது. கண்டுபிடிப்பின் மதிப்பைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று 1969-ல் ராபர்ட்ஸ் தொடுத்த வழக்கு 20 ஆண்டுகள் இழுத்து 1989-ல் சமரசத்தில் முடிந்தது. ஒரு கைப்பிடியில் இருக்கும் பட்டனுக்காக இவ்வளவு நீண்ட சட்டப்போர் நடந்தது என்பதே, வேகமாகக் கழற்றுவது பட்டறையில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லும்.

வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டியது பட்டன் இருக்கும் இடம். அது தலையின் பின்புறத்தில், பிடியை விட்டு விலகி இருக்கிறது. வேலை செய்யும்போது உள்ளங்கை சாதாரணமாக அங்கே அழுத்துவதில்லை. அழுத்த வேண்டுமென்று நினைத்தால் மட்டும் கட்டைவிரல் எட்டும். பிடியின் நடுவிலோ ஆள்காட்டி விரல் தானாகப் படியும் இடத்திலோ பட்டனை வைத்த தோட்டக் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. அவை கடையில் மாட்டிக் காட்டும்போது வசதியாகத்தான் தெரியும்.

ஸ்க்ரூடிரைவர் பிட்டுகளின் கதையும் இதையொட்டியதே. உலகம் முழுக்க அவற்றின் அறுகோணத் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர். இந்த ஓர் அளவு ஒத்துப்போனதால்தான் எந்தக் கடையில் வாங்கிய பிட்டும் எந்தப் பிடியிலும் உட்காருகிறது. 25 மில்லிமீட்டர் குட்டைப் பிட்டுகளைக் காந்தம் பிடித்து வைக்கும்; சுலபம், ஆனால் இரும்புத்தூளும் சேர்ந்து ஒட்டி, பிட் முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். இறுகிய திருகில் பிட் அங்கேயே சிக்கிக்கொண்டு பிடி மட்டும் கையோடு வருவதும் உண்டு. 50 மில்லிமீட்டர் நீளப் பிட்டுகளின் தண்டில் வளையமாக ஒரு பள்ளம் இருக்கும். பிடியில் உள்ள பந்து அந்தப் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும், மேலுறையை நகர்த்தினால்தான் விடும். தலைக்குமேல் கை நீட்டிச் செய்யும் வேலைக்கு இந்த வகையே ஏற்றது.

திருகுமரை வைத்த பிடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டடைக்கோல், பெயின்ட் ரோலர் போன்ற இலகுவான வேலைக்கு அது போதும். முறுக்கும் வேலை வந்தால் மரையின் திசையைப் பார்க்க வேண்டும். சைக்கிளின் இடதுபக்க பெடலுக்கு மட்டும் இடமரை வைத்திருப்பது, மிதிக்க மிதிக்க அது கழன்றுவிடாமல் இருக்கத்தான்.

கூர் முனையைத் தொடாமல்

பிளேடு மாற்றும் கைப்பிடிகளில், கழலும் நொடியில் கை எங்கே இருக்கிறது என்ற மூன்றாவது கேள்விதான் எல்லாம். ஒசாகாவைச் சேர்ந்த யோஷியோ ஒகாடா 1956-ல் செய்த கத்தி இதற்கு எளிய விடை ஒன்றைத் தந்தது. கண்ணாடித் துண்டை உடைத்து உடைத்துப் புதிய கூர் எடுப்பதையும் கட்டம் கட்டமாக உடையும் சாக்லேட்டையும் சேர்த்து யோசித்து, கோடு கீறிய நீளமான பிளேடு ஒன்றை அவர் உருவாக்கினார். பின்னாளில் ஓல்ஃபா என்ற பெயரில் வந்த அந்தக் கத்தியின் 9, 18 மில்லிமீட்டர் அகலங்கள் இன்று எல்லா நாட்டுக் கடைகளிலும் கிடைப்பவை. முனை மழுங்கினால் பிளேடைக் கழற்றவே வேண்டாம். ஒரு கட்டத்தை ஒடித்தால் போதும். ஒடிப்பதற்கான பிளவு கத்தியின் பின்மூடியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் விரலால் ஒடிப்பவர்கள் ஏராளம். ஒடிந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளவில் செருகியோ குறடால் பிடித்தோ, ஒரு டப்பாவுக்குள் ஒடிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக் கத்தி இன்னும் நுணுக்கமானது. முன்பு கத்தி முழுவதும் ஒரே இரும்பாக இருந்தது, மழுங்கினால் சாணை பிடிக்க வேண்டும். 1915-ல் மோர்கன் பார்க்கர் காப்புரிமை பெற்ற பிடியில் பிளேடு தனியே கழல்கிறது. பிடியின் நுனியில் இரு பக்கமும் மெல்லிய பள்ளம். பிளேடின் நடுவில் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய திறப்பு. அகன்ற பக்கத்தைப் பிடிமேல் வைத்துப் பின்னுக்கு இழுத்தால் குறுகிய பக்கம் பள்ளத்தில் வழுக்கி, கடைசியில் பிளேடின் வால் ‘டிக்’ என்று அமரும். 3-ம் எண் பிடியில் 10, 11, 15 போன்ற சிறிய பிளேடுகளும், 4-ம் எண் பிடியில் 20 முதலான பெரியவையும் பொருந்தும். ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. அரைகுறையாகப் பொருந்தி நிற்கும் பிளேடைவிட, பொருந்தவே பொருந்தாத பிளேடு பாதுகாப்பானது.

இவ்வளவு நேர்த்தியிலும் ஒரு குறை தங்கிவிட்டது. கழற்ற வேண்டுமென்றால் வாலைச் சற்று உயர்த்திப் பிளேடை முன்னோக்கித் தள்ள வேண்டும். விடுபடும் நொடியில் பிளேடு துள்ளும். எனவே மருத்துவமனைகளில் விரலால் கழற்ற அனுமதிப்பதில்லை. ஊசிபிடிக் குறடால் பிளேடின் முதுகைப் பிடித்து, முனை தரையை நோக்க, எவரும் எதிரில் இல்லாதபோது கழற்றுவார்கள். ஒற்றைக் கையால் செருகி இழுத்தால் பிளேடை உள்ளேயே பிடித்துக்கொள்ளும் பெட்டிகளும் வந்துவிட்டன. பழைய வடிவமைப்பில் விடுபட்டதை நூறாண்டு கழித்து ஒரு பெட்டி ஈடுசெய்கிறது.

பட்டறையில் செய்யக்கூடிய ஒரு கைப்பிடி

தோட்டத்துக்குக் களைக்கொத்து, புல்செதுக்கி, இலை வாரும் ரேக் மூன்றையும் ஒரே கைப்பிடியில் மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியின் வுல்ஃப்-கார்டன், கார்டேனா நிறுவனங்கள் இப்படிப்பட்ட தொகுதிகளைப் பல ஆண்டுகளாக விற்கின்றன. உள்ளூர் வெல்டிங் பட்டறையிலும் நன்றாகச் செய்யலாம்.

25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம். அதன் உட்புறம் 21 மில்லிமீட்டர். தலைகளின் பின்னால் 20 மில்லிமீட்டர் சதுரக் குழாயை வெல்டு செய்தால், ஒன்று மற்றொன்றுக்குள் 1 மில்லிமீட்டர் தளர்வோடு நுழையும். காகிதத்தில் கணக்கு சரி. கையில் எடுத்துப் பார்த்தால் நுழையாது. சதுரக் குழாயின் உட்புறம் ஒரு மூலையிலோ பக்கத்திலோ நீளவாக்கில் ஒரு வரப்பு ஓடும், அது குழாயைச் செய்யும்போது வெல்டு பிடித்த தடம். அந்த வரப்பை வாயிலிருந்து தேவையான ஆழம்வரை அரத்தால் அராவி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் சுத்தியலால் அடித்து ஏற்றினால், அடுத்த முறை கழற்றவும் சுத்தியல்தான் வேண்டும்.

எவ்வளவு ஆழம் நுழைய வேண்டும்? 1 மில்லிமீட்டர் தளர்வு, 80 மில்லிமீட்டர் ஆழம், அதற்குமேல் 1,200 மில்லிமீட்டர் நீளக் கைப்பிடி என்றால், கை பிடிக்கும் முனையில் ஆட்டம் 15 மில்லிமீட்டர். கடகடவென்று ஆடும், நம்பிக்கையே வராது. ஆழத்தை 120 ஆக்கினால் ஆட்டம் 10 ஆகக் குறையும், 160-ல் ஏழரை. 120-க்குக் குறையாமல் வைப்பது நல்லது. வளைக்கும் விசை முழுவதையும் இந்தச் செருகல்தான் தாங்க வேண்டும். குறுக்கே போடும் பின் தலையை வெளியே உருவாமல் பிடித்தால் போதும்.

கொத்தும் ரேக்கும் இழுக்கும் கருவிகள். ஒவ்வொரு இழுப்பும் தலையைக் குழாயிலிருந்து உருவப் பார்க்கிறது, எனவே பின் கட்டாயம். போல்ட்டும் சிறகுநட்டும் அதிர்வில் தளரும். ட்ராக்டர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் லிஞ்ச் பின், சிறிய அளவில், இதற்குப் பொருத்தமானது. அதன் ஸ்பிரிங் வளையம் மடிந்து குழாயோடு ஒட்டிக்கொள்வதால் செடியிலும் புடவையிலும் சிக்காது. பின்னைச் சிறு சங்கிலியில் கைப்பிடியோடு கோத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே மண்ணில் தொலைந்து, அதன் இடத்தில் ஒரு வளைந்த ஆணி வந்துவிடும். 20 மில்லிமீட்டர் குழாயில் 8 மில்லிமீட்டருக்குமேல் துளையிட வேண்டாம். இரு பக்கமும் மிஞ்சும் இரும்பு மெலிந்துவிடும்.

துளையை நடுவில் போடாமல் 2 மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளிப் போடுவது ஒரு நல்ல உத்தி. அப்போது தலையைத் திருப்பியோ பக்கவாட்டிலோ செருகினால் இரண்டு துளைகளும் நேராக வராது, பின் நுழையாது. சரியான ஒரே நிலையில்தான் பூட்டும். தவறாகச் செய்ய முடியாதபடி பொருளையே அமைத்துவிடும் இந்த அணுகுமுறையை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1960-களில் ஆலைகளில் பரப்பினார். கருக்கலில், களைப்பில், அவசரத்தில் மாட்டுபவருக்கு இது பெரிய உதவி.

கையில் பிடிக்கும் பகுதிக்கு மரம். கருவேலமும் புளியும் கருவிக் கைப்பிடிக்குப் பேர்போனவை. சதுரக் குழாயின் மேல்முனையில் ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டு ஒன்றை வெல்டு செய்தால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் மரக்கழி அதில் அமரும். இந்தத் தடிமன் தற்செயலானதல்ல. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பும் கலிஃபோர்னியத் தொழில் பாதுகாப்புத் துறையும் 2004-ல் வெளியிட்ட கைக்கருவி வழிகாட்டி, வலுவாகப் பற்றும் பிடிக்கு 32 முதல் 50 மில்லிமீட்டர் விட்டமும், விரல்நுனியால் பிடிக்கும் நுண்கருவிக்கு 6 முதல் 13 மில்லிமீட்டரும் சொல்கிறது. குட்டைப் பிடியாக இருந்தால் நீளம் 100 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பிடியின் அடிமுனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். சிறிய கைகளுக்குச் செய்யும்போது விட்டத்தைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவரலாம். களை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை வெல்டிங் பட்டறையில் யாராவது நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கடப்பாரை போல நெம்பும் கருவியை இந்தக் கைப்பிடியில் மாட்ட ஆசை வரும். வேண்டாம். நெம்பினால் குழாயின் வாய் விரியும், அதன்பின் எந்தத் தலையும் ஒழுங்காக நிற்காது.

தலைக்குமேல்

தென்னையிலும் மாவிலும் தொரட்டி போடும்போது வேலை முழுவதும் இழுப்புதான், அதுவும் இழுப்பவரின் முகத்தை நோக்கி. அரிவாள் கழன்றால் நேரே நிமிர்ந்து பார்க்கும் முகத்தில் விழும். கயிற்றாலும் கம்பியாலும் கட்டிய அரிவாளில் கட்டு தளர்வது கீழிருந்து தெரியாது. தொரட்டிக்கான பிடியில் இரண்டு தடை வேண்டும்: குறுக்குப் பின் ஒன்று, அது போனாலும் அரிவாளைக் கழியோடு தொங்கவிட்டுப் பிடிக்கும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று. கம்பியின் ஒரு முனை அரிவாளின் தண்டிலேயே கட்டப்பட வேண்டும், இடையில் இருக்கும் கழலும் பாகத்தில் கட்டினால் பயனில்லை. மின்கம்பி அருகில் இருக்கும் தோப்பில் அலுமினியக் கழியை எடுக்கவே கூடாது. தலை மாற்றும் வசதிக்காக மூங்கிலை விட்டு அலுமினியத்துக்குப் போனவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கட்டி வைக்கும் விதி விண்வெளியிலும் அதேதான். 2008 நவம்பர் 18 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்த விண்வெளி வீராங்கனை ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், பையில் கசிந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுமார் 14 கிலோ எடையுள்ள கருவிப்பை மிதந்து போய்விட்டது. உள்ளே இருந்த கருவிகளோடு பையும் சேர்ந்து போனது, பையைப் பிணைக்கும் கயிறு மாட்டப்படாததால்.

பயன்படுத்துவதற்கு முன்னும் பின்னும்

புதிய கைப்பிடியை மூன்று முறை சோதிக்க வேண்டும்: கை ஈரமாக இருக்கும்போது, கை எண்ணெயாக இருக்கும்போது, கையுறை போட்டிருக்கும்போது. மூன்றிலும் பார்க்காமலே கழற்றி மாட்ட முடிந்தால் பட்டன் சரியான இடத்தில் இருக்கிறது. தலையை மாட்டிய ஒவ்வொரு முறையும் ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் பழக்க வேண்டும். ‘டிக்’ சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது, பாதி பூட்டிய பின்னும் அதே சத்தம் போடும்.

கழற்றிய தலைகளுக்குச் சுவரில் இடம் ஒதுக்கி, கூர்ப்பக்கம் சுவரைப் பார்க்கவும் செருகும் குழாய் வெளியே பார்க்கவும் மாட்டி வைக்கலாம். அப்போது கைப்பிடியை நேராகக் கொண்டுபோய்ச் செருகிவிட முடியும். கூர் இருக்கும் பக்கம் கையே போகாது. மாதம் ஒருமுறை பின் துளையைக் கண்ணால் பார்க்க வேண்டும். வட்டமாக இருந்தது நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், பெரிய பின்னைப் போட்டுச் சமாளிக்காமல், பழைய துளையை வெல்டு வைத்து அடைத்துவிட்டு அதற்கு ஓர் அங்குலம் தள்ளிப் புதிய துளை போட வேண்டும். எல்லாத் தலைகளிலும் அதே இடத்தில்.